பால் காய்ச்சாத வீடு

மாசாய், ஜொகூர்
14 டிசம்பர் 2020

அன்புள்ள அப்பா,

கடிதம் எழுதியதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். ஒரே ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அப்பாவுக்குக் கடிதம் எழுதுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இரண்டு மாதமாக நான் அழைத்தால் நீங்கள் எடுப்பதில்லை. அம்மா அழைத்தால் எடுக்கிறீர்கள். நடுவில் நான் வாங்கி "அப்பா" என்றதும் லைன் சரியில்லை என்கிறீர்கள். லைன் நன்றாகத்தான் இருக்கிறது, அப்பா.

எதிரில் நின்று பேச எனக்கு வராது. எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் நடந்ததை ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் பதினேழாம் தேதி நான்கு சட்டையோடு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போனீர்கள். இரண்டு வாரம்தான் என்றீர்கள். மறுநாள் கொரோனாவுக்காகப் பாலத்தை மூடினார்கள். ஆகஸ்டில், அங்கே தொண்ணூறு நாள் வேலை செய்தவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து திரும்பலாம் என்று விதி வந்தது. உங்கள் கம்பெனி ஒரு தடவைக்கு மூன்று பேர் என்று முறை வைத்தது. உங்களுக்கு அக்டோபர் கிடைத்தது. படிவத்தை நான் நிரப்பினேன். பாஸ்போர்ட் எண்ணையும் அடையாள கார்டு எண்ணையும் பழைய நகலைப் பார்த்துப் போட்டேன். பிறந்த தேதியை மட்டும் பார்க்காமல் போட்டேன். அப்பாவின் பிறந்த நாளைப் பார்த்து எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு வருடமும் நவம்பர் இரண்டாம் தேதி அம்மா உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். உங்கள் பாஸ்போர்ட்டில் நவம்பர் பத்தொன்பது என்று இருப்பது, விண்ணப்பம் தள்ளுபடியான பிறகுதான் தெரிந்தது. அடையாள கார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கமே அந்தத் தேதிதான். என் கையாலேயே தட்டியிருக்கிறேன், கண்ணில் படவில்லை.

உங்கள் முறை போனது. புது வீட்டில் பால் காய்ச்ச ஐயர் குறித்துக் கொடுத்த ஐப்பசி நாளும் போனது. பதினோரு வருடம் விடியுமுன் பாலம் தாண்டி நீங்கள் வாங்கிய வீட்டில் நாங்கள் நீங்கள் இல்லாமல் குடியிருக்கிறோம். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் வந்துவிட்டோம். ஆனால் பால் காய்ச்சவில்லை. நீங்களும் அவரும் சேர்ந்து உட்காராமல் சமையலறை அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். புது அடுப்பின் மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருக்கிறது. பின்னால் துணி துவைக்கும் இடத்தில் சின்ன கேஸ் அடுப்பை வைத்துச் சமைக்கிறார். மழை வந்தால் நான் குடை பிடிக்கிறேன்.

இதைக் காளியப்பன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்களோடு தோட்டத்தில் வளர்ந்த கூட்டாளி, பாலோ ஊரில் லாரியில் காய்கறி ஏற்றிக்கொண்டு நீங்கள் வேலை செய்யும் குளிர்கிடங்கில்தான் இறக்குகிறாராம். எல்லாரையும் நிறுத்திய பாலத்தில் முட்டைக்கோசை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

ரூபினி

*

சிங்கப்பூர்
3 ஜனவரி 2021

மகள் ரூபினிக்கு அப்பா எழுதுவது.

கடிதம் முட்டைக்கோசுக்கு அடியில் நனைந்து கிடைத்தது. படிக்க முடிந்தது. இனிமேல் கூடையின் ஓரத்தில், பிளாஸ்டிக் பையில் வை. காளியப்பன் லாரியை விட்டு இறங்கக் கூடாது. கண்ணாடிக்கு உள்ளே இருந்தே எந்தக் கூடை என்று விரலைக் காட்டினான். ஃபோர்க்லிப்டில் நானே இறக்கினேன். அவன் வாயசைத்தது ஒன்றும் கேட்கவில்லை. சிரித்தான், நானும் சிரித்து வைத்தேன்.

உன் அம்மாவைச் சமையலறையில் சமைக்கச் சொல். மழையில் குடை பிடித்து மீன் பொரிப்பதைத் தாமானில் அக்கம்பக்கத்தார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்.

போனது போனது. அதைப் பற்றி எழுத வேண்டாம். அடுத்த முறை எனக்கு மே மாதக் கடைசி. படிவத்தை இங்கே யுகேந்திரன் பார்த்துக்கொள்வான். என் அறையில் இருக்கும் பையன், ஆயர் ஈத்தாம்காரன், டிப்ளோமா படித்தவன். நீ சிரமப்பட வேண்டாம்.

வேலை தேடு. பட்டதாரி வீட்டில் உட்காரக் கூடாது.

வீரமுத்து

*

மாசாய்
20 பிப்ரவரி 2021

அன்புள்ள அப்பா,

எழுத வேண்டாம் என்றீர்கள். அதைப் பற்றி எழுதவில்லை. வேறு ஒன்று.

பக்கத்து வீட்டு பிரவீனா அக்காவின் கணவர் ராஜசேகரனும் உங்களைப் போல அங்கே மாட்டிக்கொண்டவர். போன மாதம் அக்கா கைப்பேசியோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். படிவம் போட்டுத் தர வேண்டுமாம். நான் மாட்டேன் என்றேன். ஒரு தடவை தப்பாகப் போட்டு எங்கள் அப்பாவே வர முடியாமல் போயிற்று என்று, முகக் கவசத்துக்குள் எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இனிமே தப்பு போட மாட்ட லா. நீயே போடு" என்றார்.

போட்டேன். பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். முடித்த பிறகு கீழிருந்து மேலாக இன்னொரு தடவை. அனுமதி வந்தது. ராஜசேகரன் அண்ணன் வந்துவிட்டார். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, கையில் ரோஸ் நிறப் பட்டை கட்டி, தனிமை நாள் முடியும்வரை மாடி அறையை விட்டு இறங்கக் கூடாது என்று அனுப்பியிருக்கிறார்கள். அக்கா படிக்கட்டில் சோற்றை வைத்துவிட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டுவார். பத்து மாதம் பிரிந்திருந்தவர்கள், ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு கைப்பேசியில் சண்டை போட்டார்கள். உப்பு குறைவாம். எங்கள் வீடுவரை கேட்டது. அம்மா பின்னால் சமைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு ஆட்கள் வருகிறார்கள், அப்பா. இதுவரை பதினெட்டுப் பேர். உள்ளே கூப்பிட முடியாது, கேட்டுக் கம்பி வழியாக பாஸ்போர்ட் நகலை நீட்டுகிறார்கள். யார் வந்தாலும் நான் முதலில் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறேன், பிறகுதான் ஆளைப் பார்க்கிறேன். அது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

போன வாரம் காளியப்பன் மாமாவும் ஒரு படிவத்தோடு வந்தார். லாரி ஓட்டுநர்களுக்கும் இப்போது சோதனைக்குப் பதிவு உண்டாம். அவர் பிறந்த தேதியைப் பார்த்தேன். 19 நவம்பர் 1969. உங்கள் தேதியேதான். நான் இரண்டு தடவை பார்ப்பதைக் கண்டு அவர் சிரித்தார்.

"அலமாக், அது நான் பொறந்த நாளு இல்ல மா. தோட்டத்து ஆபீஸ் கிராணி பேரு பதிய டவுனுக்குப் போன நாளு. அந்த மாசம் தோட்டத்துல மூணு புள்ளைங்க பொறந்தோம். மூணு பேருக்கும் ஒரே நாள்ல பேரு பதிஞ்சிட்டு வந்துட்டாரு."

இதை ஏன் எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை, அப்பா? கேட்பது கோபத்தினால் இல்லை.

ரூபினி

*

சிங்கப்பூர்
11 ஏப்ரல் 2021

மகள் ரூபினிக்கு,

கிராணி விஷயம் சொல்வதற்கு என்ன இருக்கிறது. எங்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான். சாமிக்கு ஒரு தேதி, சர்க்காருக்கு ஒரு தேதி.

எங்கள் ஆபீஸில் லோஷினி என்று ஒரு பெண், விடுப்புப் படிவங்களைப் பார்ப்பவள். போன வாரம் என்னைக் கூப்பிட்டாள். ஏதோ தப்பு என்று நினைத்துப் போனேன். "அங்கிள், பத்து பேரு ஃபார்ம் அனுப்புனா ஏழு பேருக்கு நான் திருப்பி அனுப்பணும். மாசாய்ல இருந்து வர்றது மட்டும் ஒரு திருத்தமும் இல்ல. யாரோ பொண்ணு போட்டுத் தருதாம். உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்றேன். என் மகள் என்று சொல்லவில்லை. அன்று மத்தியானம் சோறு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

யுகேந்திரன் என் படிவத்தைப் போட்டுவிட்டான், அனுமதியும் வந்துவிட்டது. மே 28 புறப்படுகிறேன். தேக்கா கடைத்தெருவில் பால் காய்ச்ச ஒரு பாத்திரம் வாங்கி வைத்திருக்கிறேன். வாய் அகலமானது. பொங்கி வழிந்தால் நன்றாகத் தெரியும். அம்மாவிடம் சொல்.

வீரமுத்து

*

மாசாய்
30 மே 2021

அப்பா,

இரண்டு பக்கமும் பயணத்தை மறுபடி நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அம்மா அடுப்பின் பிளாஸ்டிக் உறையை இருபத்தைந்தாம் தேதி எடுத்துத் துடைத்து வைத்திருந்தார். நேற்று திரும்பப் போட்டு மூடினார். கிழியாமல் பத்திரமாக எடுத்தது நல்லதாகப் போயிற்று என்றார்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்டோபரில் நீங்கள் அம்மாவிடம் பேசியபோது ஸ்பீக்கரில் இருந்தது. "படிச்சவ பண்ற வேலையா இது? ஒரு தேதியக்கூட ஒழுங்கா எழுதத் தெரியல. இதுக்கா படிக்க வெச்சேன்?" என்றீர்கள். நான் பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் திட்டியது சரிதான். என் தப்பு. ஆனால் அதற்குப் பிறகு நாற்பத்தோரு பேருக்கு எழுதினேன். நாற்பத்தோரு பேரும் வந்து, வீட்டில் சாப்பிட்டு, திரும்பப் போனார்கள். கேட்டில் நின்று நன்றி சொன்ன ஒவ்வொருவரிடமும் உங்கள் குரல் கேட்காதா என்று பார்த்தேன். நான் இவ்வளவு பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ரூபினி

*

சிங்கப்பூர்
22 ஆகஸ்டு 2021

ரூபினிக்கு,

இரண்டு ஊசியும் போட்டுவிட்டேன். கை வலி ஒரு நாள். மோட்டாரைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்கிறேன். உன் மே மாதக் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

அப்பா

*

மாசாய்
17 அக்டோபர் 2021

அன்புள்ள அப்பா,

போன கடிதத்தில் "வீரமுத்து" என்று போடாமல் "அப்பா" என்று போட்டிருந்தீர்கள். பார்த்தேன்.

இரண்டு செய்தி. பட்டமளிப்பு விழா மடிக்கணினியில்தான் நடந்தது. பெயரை வாசித்து, படத்தை மூன்று விநாடி காட்டினார்கள். "ரூபினி வீரமுத்து" என்றதும் அம்மா கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு வந்துவிட்டார். என் பக்கம் காட்டாமல் திரைக்கு ஆரத்தி எடுத்தார். அதற்குள் வேறொரு பையன் படம் வந்துவிட்டது. முன்பின் தெரியாத அந்தப் பையனுக்குத்தான் முழு ஆரத்தியும் போயிற்று. அவனும் நல்லா இருக்கட்டும் என்று அம்மா திருநீற்றை என் நெற்றியில் பூசினார்.

இரண்டாவது, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை. தொழிலாளர்களின் பெர்மிட், சோதனை, தனிமை நாட்கள் எல்லாவற்றையும் பார்க்க ஆள் தேடினார்களாம். அங்கே வேலை செய்யும் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். நேர்முகத்துக்குப் போனேன். மேனேஜர், தப்பு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று கேட்டார். ஒரு தடவை பெரிய தப்பு செய்திருக்கிறேன், அதை மறக்கவில்லை என்றேன். அடுத்து, எப்போது சேரலாம் என்று கேட்டார்.

காலையில் ஃபேக்டரி பஸ் தாமான் முனைக்கு வருகிறது. நான் ஏறும்போது டிரைவர் "வாங்க டீச்சர்" என்கிறார். டீச்சர் இல்லை என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

ரூபினி

*

சிங்கப்பூர்
25 நவம்பர் 2021

அன்பு மகள் ரூபினிக்கு அப்பா எழுதுவது.

வேலை கிடைத்ததற்குச் சந்தோஷம். அறையில் ஐந்து பேருக்கும் நானே கேசரி கிண்டிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். இந்தத் தடவை சொன்னேன். லோஷினியிடமும் போய், மாசாய் பெண் என் மகள் என்று சொன்னேன். "ஏழு மாசமா ஏன் அங்கிள் மறைச்சீங்க?" என்றாள். அதற்கான பதில்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் உன் படிவம் தள்ளுபடியாகும் முன் எனக்கு ஒரு மெயில் வந்தது. உனக்குத் தெரியாது. கைப்பேசியில் வந்தது, யுகேந்திரன் படித்துக் காட்டினான். "அண்ணே, பொறந்த தேதி பாஸ்போர்ட்டோட ஒத்து வரலையாம். மூணு நாள் டைம் குடுத்திருக்காங்க. தேதிய மட்டும் மாத்தி ஒரு தட்டு தட்டுனா போதும்" என்றான்.

நான் வாங்கிப் பார்த்தேன். 2 நவம்பர் என்று இருந்தது.

எனக்கு அப்போது ஐம்பது முடிந்து ஐம்பத்தொன்று. பள்ளிக்கூடம், கல்யாணப் பதிவு, லைசென்ஸ், பாஸ்போர்ட், புது வீட்டுப் பத்திரம் எல்லாவற்றிலும் கிராணி டவுனுக்குப் போன நாள்தான் இருக்கிறது. நான் பிறந்த நாளை ஒரு சர்க்கார் காகிதத்தில் எழுதிய முதல் ஆள் நீ. யுகேந்திரனிடம், "தட்டாத. என் மக எழுதுனது சரி. அவங்க பாத்துக்கட்டும்" என்றேன். மூன்று நாளும் அவன் கேட்டான். மூன்று நாளும் அதையேதான் சொன்னேன். படித்த பிள்ளை எழுதியதை நான் திருத்துவதா என்று ஒரு திமிர். அறையில் எல்லாரிடமும் என் மகள் எழுதினால் தப்பு இருக்காது என்று பெருமை அடித்து வைத்திருந்தேன், அது ஒரு பக்கம்.

தள்ளுபடியானதும் எனக்கு என் மேல்தான் ஆத்திரம். அதை உன் மேல் காட்டினேன். அன்று ஸ்பீக்கரில் நீ கேட்டது அதுதான். பிறகு ஒரு வருடமாக நீ உன் தப்பு, உன் தப்பு என்று எழுத எழுத, நான் இல்லை என்று எழுதவில்லை. ஃபோனை எடுக்காமல் இருந்தது கோபத்தினால் இல்லை மா. எடுத்தால் சொல்ல வேண்டிவரும்.

இப்போது பஸ் விடப்போகிறார்கள். ஊசி போட்டவர்கள் தனிமை இல்லாமல் வரலாமாம். யுகேந்திரனும் நானும் இரண்டு கைப்பேசியில் மாறி மாறித் தட்டி டிசம்பர் 6க்கு ஒரு டிக்கெட் எடுத்துவிட்டோம். மோட்டார் இங்கேயே நிற்கட்டும். படிவத்தை யுகேந்திரன் நாளை மறுநாள் உட்கார்ந்து போடுவதாகச் சொல்லியிருக்கிறான். உன்னிடம் கேட்க ஆசைதான். எந்த முகத்தோடு கேட்பது.

பாத்திரம் பத்திரமாக இருக்கிறது.

அப்பா

*

மாசாய்
26 நவம்பர் 2021

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைக் காளியப்பன் மாமா நேற்று சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்தார். இன்று வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு மறுபடி லாரி போகிறது. கேட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். அரை நாள் விடுப்பு எடுத்தேன், முதல் தடவையாக.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மெயில் வந்த இடத்தில் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். முழுதும் கேட்டு முடித்து, "ஒரு தட்டு தட்டியிருந்தா ஒரு வருஷம் நான் வெளிய நின்னு சமைச்சிருக்க மாட்டேன். வரட்டும், அந்தக் கேஸ் அடுப்ப அவர் தலையிலேயே தூக்கி வைக்கிறேன்" என்றார். பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்ததும் பிளாஸ்டிக் உறையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். இனி மூடுவதற்கு ஒன்றும் இல்லை.

அப்பா, நான் எழுதியது தப்புதான். படிவம் கேட்டது பாஸ்போர்ட்டில் இருப்பதை. அந்தத் தப்பில் உங்களுக்குப் பங்கு கொடுக்க மாட்டேன். அது என்னுடையது, அதனால்தான் எனக்கு வேலை தெரிந்தது. உங்கள் தப்பு மூன்று நாள்தான். ஆனால் அந்த மூன்று நாளும் நீங்கள் எனக்காக ஒரு சர்க்காரையே காக்க வைத்திருக்கிறீர்கள். பட்டம் வாங்கியபோதுகூட இவ்வளவு நிமிர்ந்து நான் உட்கார்ந்ததில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி எப்போதும் போல அர்ச்சனை செய்தோம். பதினெட்டாவது மைல் கோவில் ஐயர் உங்கள் நட்சத்திரத்தைக் கேட்காமலே சொன்னார். அந்தத் தேதியை எந்தக் காகிதமும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அது வீட்டில் இருக்கட்டும்.

புறப்படும் முன் இரண்டு நாளுக்குள் எடுத்த சோதனை முடிவு வேண்டும். ஐந்தாம் தேதி காலையில் எடுங்கள், நான்காம் தேதி எடுத்தால் நேரம் இடிக்கும். ஊசிச் சான்றிதழைத் தாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். லார்க்கின் பஸ் நிலையத்தில் இறங்கியதும் மறுபடி மூக்கில் குச்சி விடுவார்கள். முடிவு வரும்வரை உட்கார வைப்பார்கள். பயப்படாதீர்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் அம்மாவும் நானும் நிற்போம். பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், கையில் கொண்டுவாருங்கள்.

லாரி வந்துவிட்டது. மாமா ஹார்ன் அடிக்கிறார். கேட்க நினைத்ததைக் கடைசிவரை தள்ளிவிட்டேன். நாற்பத்தோரு பேருக்கு எழுதும்போதும் மனதுக்குள் இருந்தது இது ஒன்றுதான்.

யுகேந்திரன் அண்ணனிடம் நாளை உட்கார வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டின் படம் இருக்கும் பக்கத்தை வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் படிவத்தை நான் எழுதட்டுமா, அப்பா?

ரூபினி